முக்காலே மூணு வீசம்

"வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது"ன்னு ஊர்ப்பக்கம் சொல்லிக் கேட்டிருப்பீங்க. கிட்டத்தட்ட முழுசும்னு அர்த்தம். ஆனா இது குத்துமதிப்பு இல்லை மக்களே, சுத்தமான கணக்கு. வீசம் என்றால் 1/16. மாகாணின்னும் பேர் உண்டு. முக்காலோட மூணு வீசத்தைக் கூட்டினா 15/16.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. அதில் முழு எண் வாய்ப்பாடு மட்டுமில்லை, பின்ன வாய்ப்பாடும் உண்டு. பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே மனசில் ஏற்றினார்கள். அடிப்படி முந்திரி, அதாவது 1/320. அதென்ன 320? 16-ஐ 20-ஆல் பெருக்கிப் பாருங்க. 16 முந்திரி சேர்ந்தா ஒரு மா (1/20), 20 முந்திரி சேர்ந்தா ஒரு மாகாணி (1/16). ரெண்டு வரிசைக்கும் மீதியில்லாம பொருந்துது. அந்த முந்திரியையும் 320 கூறு போட்டா கீழ்முந்திரி, 1/102400! (இந்தப் பின்னக் குறிகளுக்கெல்லாம் 2019-ல் யூனிகோடில் இடம் கிடைச்சுது. நம்ம ஆளுங்களுக்கு இது தெரியணும்.)

பொற்காலம்னு ஜல்லியடிக்க வரலை. அங்கே பிரம்படி உண்டு. பெண் பிள்ளைகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தத் திண்ணையில் இடமே இல்லை. ஆனா பின்னம் திண்ணையோட நிக்கலை, அடுப்படியிலும் இருந்தது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆழாக்கில் அரிசி அளந்த கைக்கு 1/8 என்னன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரூபாய்க்கு 16 அணா, ஆக அணாவும் ஒரு வீசம்தான்.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு காசு. பின்னாடியே கிலோவும் லிட்டரும். தசமம் வசதிதான், மறுக்கலை. ஆனா ரூபாயில் வீசம் 6.25 காசாயிடுச்சு. அதை யார் சொல்லுவா? பின்னம் புழக்கத்திலிருந்து போய், மேலே ஒரு எண், நடுவுல கோடு, கீழே ஒரு எண்ணுன்னு புத்தகத்துக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு.

நாலாவது படிக்கிற என் பொண்ணு அந்தக் கோட்டைப் பார்த்தாலே ஓடுவா. அதனால தோசையில் ஆரம்பிச்சோம். ஒரு மடிப்பு அரை, அடுத்தது கால், அப்புறம் அரைக்கால், நாலாவது மடிப்பில் வீசம். இப்ப ஒரு துண்டைத் தட்டுல மிச்சம் வெச்சுட்டு, "முக்காலே மூணு வீசம் சாப்ட்டேன்பா"ன்னு எழுந்து ஓடறா :-)

அடுத்து பலாப்பழம். காரிநாயனாரோட கணக்கதிகாரத்தில் பழத்தை வெட்டாமலே சுளை எண்ண ஒரு வழி இருக்கு. காம்பைச் சுத்தி இருக்கிற முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்கணும். நாங்க 65 முள் எண்ணினோம். 78 சுளை வரணும். வெட்டினா 61. "காம்புப் பக்கத்து வரிசையை மட்டும் எண்ணணும்பா, நீ அடுத்த வரிசையையும் சேர்த்துட்டே"ன்னு ஒரே சண்டை. ஆனி மாசம் அடுத்த பழம் வாங்கித் தர்றதா ஒப்புக்கிட்டிருக்கேன். உங்க வீட்டுப் பழத்துல எத்தனை வந்துச்சுன்னு சொல்லுங்க.