என்பீல்டு துப்பாக்கியும் ஒரு துளிக் கொழுப்பும்

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் அனைவரும் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால், அத்தோட்டாவிற்குக் கொழுப்பு ஏன் தேவைப்பட்டது என்று கேட்பவர் அரியர். அக்கேள்விக்கு விடை காணாதவரை, சிப்பாய்களின் அச்சம் வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆங்கில வரலாற்றாசிரியர் பலர் அவ்வாறே எழுதிச் சென்றனர்.

துப்பாக்கியிலிருந்தே தொடங்குவோம். கும்பெனிப் படைகள் நெடுங்காலம் ஏந்தி நின்றது ‘பிரௌன் பெஸ்’ என்னும் செல்லப் பெயர் பெற்ற துப்பாக்கி. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. வாய் முக்கால் அங்குல அகலம். ஈயக் குண்டு குழலைவிடச் சிறியதாதலின் உள்ளே தளர்வாக உருண்டு இறங்கும். வெளியேறும்போது இங்குமங்கும் மோதிக்கொண்டு ஓடும். நூறு கஜத்திற்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைத்துச் சுடுவது ஏறக்குறைய வீண் வேலையே. குழலின் உட்சுவரில் திருகுபோல் சுழன்று செல்லும் பள்ளங்களை வெட்டினால் குண்டு சுழன்று நேராகப் பாயும் என்பதை ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் முன்பே அறிந்திருந்தனர். ஆனால் குண்டு அப்பள்ளங்களைக் கவ்வ வேண்டுமாயின் இறுக்கமாக இருத்தல் வேண்டும். இறுக்கமான குண்டைக் குழலின் வாய்வழியே இடித்து இறக்குவதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். எளிதில் இறங்க வேண்டும், வெளியேறும்போது இறுகப் பிடிக்கவும் வேண்டும்! இந்த முரண்பாடே துப்பாக்கி செய்வோரைப் பல்லாண்டுகள் அலைக்கழித்தது.

இதற்கான விடையின் வித்து ஒன்று நம் தென்னாட்டில் கிடைத்தது என்பது பலர் அறியாத செய்தி. பிரிட்டிஷ் 34ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் நார்ட்டன், தென்னிந்திய மக்கள் வாயால் ஊதி எய்யும் ஊதுகுழல் அம்பினை ஆராய்ந்தார். அதன் அடிப்பாகம் நெட்டி போன்ற மென்மையான பொருளால் ஆகியிருந்தது. ஊதும்போது அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, காற்று சிறிதும் வீணாகாமல் அம்பு விசையுடன் பாய்ந்தது. இதைக் கண்டு, அடியில் குழிவான குண்டு ஒன்றை 1823ஆம் ஆண்டளவில் அவர் வகுத்தார். வெடிமருந்தின் ஆவி அக்குழியை விரிக்கும் என்பது கருத்து. மேலிடம் அதனை ஏற்கவில்லை. 1836இல் கிரீனர் என்னும் துப்பாக்கி வினைஞர் அதே கருத்தை வேறு வடிவில் கொணர்ந்தார்; அவரையும் திருப்பி அனுப்பினர். பின்னர் பிரெஞ்சுக்காரரான மினியே 1849இல் இதனைச் செம்மைப்படுத்தியபோது, பிரிட்டிஷ் அரசு அவருக்கு 20,000 பவுன் கொடுத்தது. கிரீனருக்கு 1857இல் 1,000 பவுன் கிடைத்தது. ஊதுகுழல் ஏந்திய அந்தத் தென்னாட்டு வேட்டுவனின் பெயரையோ எவரும் எழுதிவைக்கவில்லை.

இக்கருத்தின் முதிர்ந்த வடிவமே 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி. லண்டன் நகரை அடுத்த என்பீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலையின் பெயரே அதற்கு அமைந்தது. அமெரிக்காவிலிருந்து எந்திரங்களை வரவழைத்து, ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் அப்படியே பொருந்துமாறு அங்கு அதனைச் செய்தனர். 39 அங்குலக் குழல். அதனுள் மூன்று பள்ளங்கள். குழலின் வாய் 0.577 அங்குலம். குறிகாட்டும் ஏணியில் 900 கஜம்வரை அளவுகள் பொறித்திருந்தனர். பிரிட்செட் வகுத்த குண்டின் விட்டம் 0.568 அங்குலம். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கான இந்த இடைவெளியில்தான் நம் கதை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

ஏனெனில், அவ்விடைவெளியை நிரப்பியது தோட்டாவின் காகிதம். குண்டும் மருந்தும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். வீரன் மருந்திருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, சுருளைத் திருப்பிக் குண்டைச் செருகி, மிஞ்சிய காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கம்பியால் இடித்து இறக்குவான். கரிமருந்து எரிந்தால் குழலில் கசடு படியும். சில வேட்டுகளுக்குப் பின் அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அக்கசடை இளக்கவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவினர். கடிக்கும் முனை ஒன்று, கொழுப்புள்ள முனை மற்றொன்று என்பது உண்மையே. ஆயினும் வெயிலில் உருகிப் பைக்குள் பரவும் பொருள் எந்த முனையில் நிற்கும் என்று யார் உறுதி கூற முடியும்?

இனி, அக்கொழுப்பு எதனுடையது? இதற்கு அதிகாரிகளிடமே விடை இல்லை. கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த கலவை அது. ஒப்பந்தக்காரர் கொணர்ந்த கொழுப்பு எவ்விலங்கினது என்பதைக் கவனிக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. முஸ்லிமுக்குப் பன்றி ஹராம். இந்துவுக்குப் பசு புனிதம். இந்நாட்டை ஒரு நூற்றாண்டு ஆண்டவர்கள் இதனை அறியாதவர்களா? 1853இலேயே வங்காளப் படையின் உயர் அதிகாரியான கர்னல் டக்கர், கொழுப்பின் தன்மையை உறுதிசெய்யாமல் இந்தியப் படைகளுக்கு வழங்கலாகாது என்று எழுத்து மூலம் எச்சரித்தார். அக்கடிதம் அலுவலகத்தில் உறங்கியது.

1857 ஜனவரியில் டம்டம் பயிற்சி முகாமில் கலாசி ஒருவனின் வாய்வழியே செய்தி வெடித்தது. கொழுப்பில்லாத் தோட்டாக்களைத் தருகிறோம், வேண்டிய பொருளை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று அம்மாத இறுதியிலேயே மேலிடம் இறங்கிவந்தது. பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றும் பின்னர் விதியை மாற்றினர். ஆனால் ஒளித்தவன் திருத்தும்போது ஐயம் இரட்டிப்பாகும் என்பது உலக இயல்பு. ஏப்ரல் 24இல் மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையின் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுள் பாதிக்குமேல் முஸ்லிம்கள். அன்று அவர்கள்முன் வைக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே; அதற்குள் நம்பிக்கை முற்றாகச் செத்துவிட்டிருந்தது. பெரும்பாலோருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். மே 9இல் படையணிமுன் கால்விலங்கு பூட்டினர். மறுநாள், ஹிஜ்ரி 1273ஆம் ஆண்டு ரமளானில், மீரட் எரிந்தது.

போர்க்களத்தில் நிகழ்ந்ததோ மற்றொரு கொடுமை. கிளர்ந்தெழுந்த படைகளில் பெரும்பாலானவற்றிற்குப் புதிய துப்பாக்கி வந்தே சேரவில்லை. அவர்கள் பழைய வழவழப்புக் குழலோடு நிற்க, எதிரே என்பீல்டு தொலைவிலிருந்தே அவர்களை வீழ்த்தியது. ஜூலை 12இல் பத்தேபூரில் வென்ற ஹேவ்லாக், தம் வெற்றி அறிக்கையில் அத்துப்பாக்கியைப் பெயர் சொல்லியே பாராட்டினார். எத்துப்பாக்கியின் தோட்டாவைத் தீண்ட மறுத்தார்களோ, அதே துப்பாக்கியின் குண்டுக்கு அவர்கள் இரையாயினர்.

கிளர்ச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858ஆம் ஆண்டு மாதிரி ஒன்றை வகுத்தனர். பார்வைக்கு என்பீல்டேதான், ஆனால் குழலின் உட்புறத்தைக் குடைந்து பள்ளங்களை அகற்றியிருந்தனர். பின்புறமாகத் தோட்டா செலுத்தும் ஸ்னைடர் துப்பாக்கியை 1866இல் வெள்ளைப் படை ஏற்றது. அவர்கள் 1871இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பிறகே ஸ்னைடர் இந்தியப் படைகளின் கைக்கு வந்தது. ஸ்னைடரின் தோட்டா அடியில் உலோகம் பதித்தது. அதனைக் கடித்துக் கிழிக்க வேண்டிய தேவையே இல்லை.