பார்ஹாம் பிரபு: போர்க்கப்பலிலிருந்து பாராளுமன்றத்திற்கு

அடிமை வாணிக ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது வில்பர்போர்ஸின் பெயரையே நாம் முதலில் நினைவுகூர்கிறோம். அவரை அப்பணிக்குத் தூண்டியவர்களுள் ஒருவரான கடற்படை அதிகாரி சார்லஸ் மிடில்டனை நம்மில் பலர் அறியோம். கண்ணாற் கண்ட அநீதி மனச்சான்றில் வேரூன்றிச் செயலாக வெளிப்படுவதற்கு எத்துணைக் காலம் செல்லக்கூடும் என்பதை அவருடைய வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

மிடில்டன் 1726-இல் ஸ்காட்லாந்திலுள்ள லீத் துறைமுகத்தில் பிறந்து, இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்தார். 1757-இல் ரம் பங்கீடு பற்றிய தகராறொன்றில் சினமுற்று மாலுமி ஒருவனைத் தாக்கியதோடு, அவனையே படைத்துறை நீதிமன்றத்தில் நிறுத்தினார். தொடக்கத்தில் அவர் இத்தகைய மனிதரே.

1759 நவம்பரில் அவருடைய 'அருண்டெல்' கப்பல், 'ஸ்விப்ட்' என்னும் அடிமைக் கப்பலை எதிர்ப்பட்டது. அதில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அருண்டெலின் மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே அதனுட் சென்று அடிமைகளுக்கு மருத்துவம் செய்தார். திரும்பி வருகையில் விழுந்து தொடையெலும்பு முறிந்து, ஆயுள் முழுவதும் கால் ஊனமுற்றவரானார். ஆயினும் மிடில்டனின் போக்கு உடனே மாறிவிடவில்லை. 1761-இல் மேற்கிந்தியக் கடலிற் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றி, பார்படோஸ் வணிகர்களின் நன்றியைப் பெற்றார். அவ்வணிகம் அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையைச் சார்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ராம்சேயோ கடற்படையை விட்டுக் குருவாகி, செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமைகளுக்குப் போதித்தார். தோட்ட முதலாளிகளின் பகைக்கும் ஆளானார். 1781-இல் இங்கிலாந்து திரும்பிய அவர், மிடில்டனின் ஆதரவால் கென்ட் மாவட்டத்து டெஸ்டன் சபையின் குருவானார். மிடில்டனும் அவருடைய துணைவியார் மார்கரெட் அம்மையாரும் ஊக்குவிக்க, தாம் கண்டவற்றை 1784-இல் நூலாக வெளியிட்டார்.

மிடில்டன் 1778 முதற் கடற்படை நிர்வாகத்தின் பெரும்பொறுப்பை ஏற்று, கப்பல்களின் அடிப்புறத்திற்குச் செப்புத்தகடு வேயும் திட்டத்தை முன்னின்று நடத்தியிருந்தார். 1784-இல் ராச்செஸ்டர் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருமானார். எனினும் அவர் நாவன்மை படைத்தவரல்லர். மார்கரெட் அம்மையாரின் தூண்டுதலால், இவ்வழக்கைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைக்குமாறு இளைஞரான வில்பர்போர்ஸுக்கு அவர் எழுதியதாக வில்பர்போர்ஸின் புதல்வர்கள் கூறுகின்றனர். 1786-இல் தாமஸ் கிளார்க்சன் இப்பணிக்குத் தம்மை அர்ப்பணித்ததும் டெஸ்டனிலேயாகும்.

தாம் கோரிய நிர்வாகச் சீர்திருத்தங்கள் நிறைவேறாமையால் மிடில்டன் 1790-இற் பதவி துறந்தார். ஆயினும் 1805-இல், தமது 78-ஆம் வயதில், பார்ஹாம் பிரபுவாகக் கடற்படைத் துறையின் தலைமை அமைச்சரானார். டிரபால்கர் வெற்றி அவருடைய பதவிக் காலத்திலேயே கிட்டியது. அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார்.

1807-இற் பிரிட்டன் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தது. ஒருகாலத்தில் அவ்வாணிகத்திற்குக் காவலாயிருந்த கடற்படையே, 1808-இல் அதனைத் தடுக்க மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல்களை அனுப்பியது. இவையனைத்தையும் கண்டபின், 1813-இல் பார்ஹாம் மறைந்தார். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்திற்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஒருவர் கண்டார், ஒருவர் எழுதினார், ஓர் அம்மையார் தூண்டினார், ஒருவர் பேசினார். அவரவர் பங்கை அவரவர் ஏற்றதால் அப்பணி நிறைவேறியது. ஆயினும், அருண்டெல் சந்தித்த அக்கப்பலுக்கும் பாராளுமன்றத்தில் எழுந்த குரலுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் அடிமைக் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. நாம் கண்டும் வாளாவிருக்கும் அநீதிகளுக்கு இது ஓர் எச்சரிக்கையாகும்.