டார்க் கன்வெர்ட்டரை மாத்தப் போறீங்களா பாஸ்?

பூந்தமல்லி சிக்னல்ல பச்சை விழுந்ததும் உங்க ஆட்டோமேட்டிக் கார் சீறணும்னு ‘ஹை ஸ்டால்’ டார்க் கன்வெர்ட்டர் தேடுறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

மேனுவல் கார்ல கிளட்ச் செய்யற வேலையை இங்கே ஆயில் செய்யுது. இன்ஜின் பக்கமுள்ள இம்பெல்லர் ஆயிலைத் தள்ள, கியர்பாக்ஸ் பக்கமுள்ள டர்பைன் சுழலும். நடுவுல இருக்கிற ஸ்டேட்டர், கார் கிளம்பும்போது டார்க்கைப் பெருக்கித் தரும். ஆவடி சி.வி.ஆர்.டி.இ வடிவமைச்ச அர்ஜுன் டாங்கியிலும் இந்தச் சமாச்சாரம் உண்டு!

பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சா இன்ஜின் எந்த ஆர்பிஎம்ல நிக்குதோ, அதுதான் ஸ்டால் ஸ்பீடு. (சும்மா செஞ்சு பார்க்காதீங்க, சில நொடியிலேயே ஆயில் தாறுமாறா சூடாகிடும்.) இதை ஏத்தினா, உயர் ஆர்பிஎம்ல மட்டுமே பலம் காட்டுற இன்ஜின், கிளம்பும்போதே அந்தப் பலத்தோட பாயும். ஆனா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் 1.0 டர்போ 1,750 ஆர்பிஎம்லயே முழு 178 நியூட்டன் மீட்டர் டார்க்கையும் கொடுத்துடுது. அதுக்கு எதுக்கு ஹை ஸ்டால்? அதே காரோட 1.5 லிட்டர் டிஎஸ்ஜி மாடல்ல இந்தப் பாகமே கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்ல ஊரும்போது ஹை ஸ்டால் அதிகமா நழுவும். ஆயில் சூடேறும், மைலேஜ் இறங்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டத்தான் கார்னா மாத்துங்க. அப்பவும் முதல் செலவு, கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கு.