கடுமை பிள்ளைக்குக் கற்பிப்பது என்ன?



ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377), இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா எனும் கோட்டையில் ஒதுங்கியிருந்த இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள், ‘அல் முகத்திமா’வின் முதல் வரைவை ஐந்தே மாதங்களில் எழுதி முடித்தார்கள். ஆட்சிகளின் எழுச்சி வீழ்ச்சியை ஆராயும் நூலாகவே அது பெயர்பெற்றுள்ளது. மாணவரிடம் கடுமை காட்டுவதன் தீங்கு பற்றி அதில் தனி அத்தியாயமொன்று இருப்பதைப் பலர் அறியார்.

அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்குகின்றது. உற்சாகம் குன்றிச் சோம்பல் குடிகொள்கின்றது. தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் அப்பிள்ளைக்கு நாளடைவில் அதுவே குணமாகிவிடுகின்றது. இது அவர்களது ஆய்வு. பொய் சொன்னதற்காக நாம் அடிக்கின்றோம்; அவர்களோ அடியே பொய்யைப் பிறப்பிக்கின்றது என்கின்றார்கள். கொடுங்கோன்மைக்கு உட்பட்ட சமூகங்களுக்கும் இதே கதி நேர்ந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றார்கள். அரசவைகளில் பல்லாண்டு பணியாற்றியவரல்லவா!

கலீபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி 786–809) தம் மகன் அல்அமீனின் ஆசிரியருக்குக் கூறிய அறிவுரையும் அங்கே இடம்பெறுகின்றது. பிள்ளையை வருத்தி அவனது சிந்தனையை மழுங்கடிக்கவும் வேண்டாம், சோம்பலில் இன்பங்காணுமளவு விட்டுவிடவும் வேண்டாம், இயன்றவரை மென்மையாலேயே திருத்த வேண்டும் என்பது அதன் சாரம். மென்மை பயனளிக்காதபோது கடுமை காட்டலாம் என்றே அது முடிகின்றது. இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் நம்மிற் பலர் அந்தக் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகின்றோம்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பர்க் (1934–2015) வகுத்த ‘வன்முறையற்ற தொடர்பாடல்’ முறை, கையை மட்டுமன்றி நாவையும் கட்டுப்படுத்தச் சொல்கின்றது. கண்டதைத் தீர்ப்பின்றிக் கூறுதல், நம் உணர்வைச் சொல்லுதல், அதன் பின்னுள்ள தேவையை விளக்குதல், தெளிவாக வேண்டுதல் என்பன அதன் படிகள். “சோம்பேறி” என்பது தீர்ப்பு. “இரண்டு நாட்களாக உன் கொப்பி திறக்கப்படவில்லை மகன், வாப்பாவுக்குக் கவலையாக இருக்கின்றது” என்பது கண்டதும் உணர்ந்ததும். முன்னதற்குப் பிள்ளை மறுப்புத் தேடும். பின்னதற்குக் காரணம் சொல்லும்.

சிறுவயதிலேயே நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்யச் சேர்ந்த அனஸ் (ரழி) அவர்கள், ஒருநாள் ஒரு வேலைக்கு அனுப்பப்பட்டபோது, போகமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டார்கள்; உள்ளத்திலோ போகும் எண்ணமே இருந்தது. வழியில் கடைத்தெருவிலே விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் வந்துசேர்ந்தார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பினால், நபியவர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். செல்லப் பெயரால் அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று மட்டுமே கேட்டார்கள். ஆம், இதோ போகின்றேன் என்றார் அச்சிறுவர்.