பரணிலிருந்து இறங்கும் சோழர்கள்

மயிலாப்பூர்ல பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு தடியான பைண்டு புத்தகம் இறங்கும். பார்த்திருக்கீங்களா? பிரிச்சா, 'பொன்னியின் செல்வன்'.

1950 அக்டோபர்லேர்ந்து 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த தொடர் அது. வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் கிழிச்சு, வரிசையா அடுக்கி, பைண்டிங்குக்குக் கொடுத்தாங்க. மணியத்தோட ஓவியங்களும் கூடவே தங்கிடுச்சு.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935லேயே வெளிவரத் தொடங்கியாச்சு. ஆனா அது ஆங்கிலத்தில். பல வீடுகளுக்குள்ள ராஜராஜன் நுழைஞ்சது கதை வழியாத்தான்.

வாசகர்கள் சும்மா படிச்சுட்டுப் போகலை. தொடர் முடிஞ்சதும், 'அப்புறம் இவங்கெல்லாம் என்ன ஆனாங்க?'ன்னு கேட்டாங்க. கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாச்சு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பேர் இருக்கு. நந்தினியோ கல்கியின் கற்பனை. பைண்டு புத்தகத்தில் ரெண்டு பேரும் ஒரே அச்சில் நிற்கிறாங்க. எது கல்வெட்டு, எது கதைன்னு நாமதான் பிரிச்சுப் பார்க்கணும்.

அதுக்காக அவங்களைக் குறை சொல்ல முடியாது. வரலாற்றை அவங்க காசு கொடுத்து, தைச்சு, அடுத்த தலைமுறைக்குப் பத்திரப்படுத்தினாங்க. உங்க வீட்டுப் பரணில் அப்படி ஒண்ணு கிடைச்சா, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க.