சட்டாம்பிள்ளை முதல் கிளாஸ் லீடர் வரை: தொடக்க வகுப்பில் ஒழுங்கு கைமாறிய வரலாறு

தொடக்கப் பள்ளி ஆசிரியர் வகுப்பை விட்டு ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டியிருந்தால் செய்கிற காரியம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கிளாஸ் லீடர் என்று பெயர் பெற்ற பிள்ளையிடம் சாக்பீஸைக் கொடுத்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறார். சிகந்தராபாத்துக்கு வடக்கே, திருமலகிரிக்கும் அல்வாலுக்கும் இடையில் உள்ள லோத்குண்டாவிலும் இந்த வழக்கத்தை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது. சாக்பீஸ் பிடித்த அந்தப் பிள்ளைக்கு ஒரு முன்னோர் உண்டு. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை. இருவருக்கும் இடையிலான இருநூறு ஆண்டுகளில் அந்தப் பதவியிலிருந்து எது கழன்று விழுந்தது, எது மட்டும் எஞ்சியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

லோத்குண்டாவிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. அந்தப் பகுதி கன்டோன்மெண்டை ஒட்டி வளர்ந்தது. 1798 ஒப்பந்தத்தின்படி நிஜாமின் செலவில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுத்திய துணைப்படையின் முகாம்தான் 1806-இல் நிஜாம் சிகந்தர் ஜாவின் பெயரால் சிகந்தராபாத் ஆயிற்று. வடக்கே பொலாரம், நிஜாமின் காண்டிஞ்செண்ட் படை தங்கிய இடம். கம்பெனிப் படை சென்னைப் படையைச் சேர்ந்தது. அதனால் சிப்பாய், கணக்கர், குத்தகைக்காரர், சமையல்காரர் என்று தமிழ்க் குடும்பங்களும் அதன் பின்னால் வந்து சேர்ந்தன. இங்கே 1862-இல் ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளியைத் தொடங்கி, அது பிற்காலத்தில் மஹபூப் கல்லூரியாக வளர வழி செய்தவர் சோமசுந்தரம் முதலியார். தண்டனைகளின் பெயர்கள்கூட இங்கே மூன்று மொழிகளில் கிடைக்கும்: தமிழில் தோப்புக்கரணம், தெலுங்கில் கோட குர்ச்சி (சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்காருவது), இந்துஸ்தானியில் முர்கா.

இந்தப் படைக்கும் நம் பொருளுக்கும் நேரடியான தொடர்பு ஒன்றும் உண்டு. படைச் செலவை ஈடுகட்ட 1800-இல் நிஜாம் பல்லாரி, கடப்பைப் பகுதிகளைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவற்றின் முதன்மைக் கலெக்டராக இருந்த தாமஸ் மன்றோ பின்னர் சென்னை ஆளுநரானார். மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்க 1822-இல் அவர் உத்தரவிட்டபோது வந்த அறிக்கைகளில், வகுப்பறைக்குள் நடப்பதை விரிவாக எழுதியவர் பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல்.

திண்ணையில் நடந்தது

கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையின்படி பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள்; அது மரியாதை. இரண்டாவதாக வருபவனுக்குச் சுழி; பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு ஒரு மெல்லிய அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். தாமதம் என்ற ஒரே குற்றத்துக்கு, எவரும் எழுதிவைக்காமலே எல்லாரும் அறிந்த தண்டனைப் பட்டியல் இது. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளிலும் இதே வழக்கம் இருந்தது. முதலில் வந்தவனை வேத்தான் என்று அழைத்தார்கள்.

சோம்பேறிப் பிள்ளைக்கு விழுந்த தண்டனை இவ்வளவு மென்மையானது அன்று. கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதை, அதாவது நம் பாட்டன்மார் கோதண்டம் என்றதை, கேம்ப்பெல் பதிவு செய்கிறார். ஓயாமல் மண்டியிட்டு எழுவதையும் குறிப்பிட்டு, வலி தருவதானாலும் ஒருவேளை உடம்புக்கு நல்லதாக இருக்கலாம் என்கிறார். தோப்புக்கரணத்துக்குக் கிடைத்த முதல் வெள்ளைக்காரச் சான்றிதழ் என்று இதைச் சொல்லலாம்!

நம் கவனத்துக்கு உரியது அடுத்த செய்தி. மாணவர்கள் பெரும்பாலும் நான்கு வகுப்புகளாகப் பிரிந்திருந்தார்கள். கீழ் வகுப்புகளை மூத்த மாணவர் கவனித்துக்கொள்ள, மேல் வகுப்பை ஆசிரியர் நேராக நடத்தியபடியே பள்ளி முழுவதன்மீதும் ஒரு கண் வைத்திருந்தார். தேர்ந்தவன் தேராதவனுக்குக் கற்பிப்பதால் தன் பாடத்தையும் உறுதி செய்துகொள்கிறான் என்று கேம்ப்பெல் இதைப் பாராட்டுகிறார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் எழுதுகிறார்.

இந்த ஏற்பாட்டுக்குக் கூட்டம்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. மன்றோ 1826 மார்ச்சில் தொகுத்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரி பதினைந்து பேர். பல்லாரியில் 533 பள்ளிகளில் 6,641 பேர். பள்ளிக்குப் பன்னிரண்டு சொச்சம். இன்றைய ஆசிரியர் எவரும் பொறாமைப்படக்கூடிய எண்ணிக்கை. பதினைந்து பேரை அடக்க உதவியாள் தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் அகரம் எழுதும். பக்கத்தில் பத்து வயதுப் பையன் எண்சுவடி ஒப்பிப்பான். இன்னொருவன் ஓலையில் கடிதம் எழுதப் பழகுவான். ஒரே திண்ணையில் பதினைந்து விதப் பாடம். எனவே சட்டாம்பிள்ளையின் முதல் வேலை முறை வைப்பது. அதாவது அவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வது. காவல் அந்த வேலையோடு ஒட்டிவந்தது. பாடம் சொல்லித் தருகிறவனாக இருந்ததால்தான் அவன் கையில் பிரம்பும் இருந்தது.

இதை வைத்துத் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. தரம்பால் 1983-இல் இந்த அறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு அந்த ஆசை பலருக்கு வந்தது. பல்லாரியின் 6,641 மாணவர்களில் பெண்கள் 60 பேர் மட்டுமே என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஊரின் கடைக்கோடித் தெருப் பிள்ளைக்குத் திண்ணை ஏறவே இடமில்லாதபோது, திண்ணைமேல் நிலவிய ஒழுங்கில் பாதி பள்ளிக்கு வெளியிலேயே முடிவாகிவிட்டிருந்தது. தின்பண்டம் கொடுத்தால் சட்டாம்பிள்ளையின் பிரம்பு மெதுவாக விழும் என்பதும் அன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1787-இல் சென்னை வந்து, 1789-இல் எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தவர், அதைத் தம் இல்லத்திலும் செய்ய விரும்பினார். உதவி ஆசிரியர்களால் அது நடக்கவில்லை. அதனால் எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனிடம் அகர வகுப்பை ஒப்படைத்தார். அது பலித்தது. பின்னர் ஒவ்வொரு வகுப்புக்கும் மாணவ ஆசிரியர்களை அமர்த்தினார். தவறு செய்தவர் பெயரைக் குறிக்க ஒரு பதிவேடு வைத்து, வாரம் ஒருமுறை அதை வாசித்து, மாணவர்களையே நடுவர் குழுவாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தார். இப்படிச் செய்தால் பிரம்புக்கு அநேகமாக வேலையில்லை என்பது அவர் வாதம். 1796-இல் ஊர் திரும்பியவர் மறு ஆண்டே இந்தச் சோதனையை நூலாக்கினார். அந்த முறைக்கு மதராஸ் முறை என்றே பெயர் நிலைத்தது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் காலேஜ்தான்.

பெல்லின் ஏற்பாட்டில் புதியது பதிவேடு. திண்ணையில் குற்றமும் அடியும் அந்த நொடியிலேயே முடிந்துவிடும். எழும்பூரில் குற்றம் தாளில் ஏறி, ஒரு வாரம் காத்திருந்து, கூட்டத்தின் முன் வாசிக்கப்பட்டது. கரும்பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தின் விதையை நான் இங்கேதான் காண்கிறேன். இரண்டையும் இணைக்கும் ஆவணச் சங்கிலி கைவசம் இல்லை. இது என் ஊகமே.

இதே காலத்தில் லண்டனின் பரோ ரோட்டில் ஜோசப் லங்காஸ்டர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். ஆயிரம் பேருக்கு ஓர் ஆசிரியர் போதும் என்பது அவர் முழக்கம். குவேக்கர் என்பதால் அடிக்கமாட்டார். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த தண்டனைகள் அடியே மேல் என்று சொல்லவைக்கும். பேசுகிற பையன் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் உட்காரவைத்துக் கூண்டுப் பறவையைப் போலக் கூரையிலிருந்து தொங்கவிடுவது என்று அவரே நூலில் எழுதிவைத்தார். கவிஞர் கோல்ரிட்ஜ் 1808-இல் தம் சொற்பொழிவிலேயே இதைக் கண்டித்தார். கோதண்டத்தை நம் நாட்டு அநாகரிகமாக எண்ணுகிறவர்கள் இந்தக் கூடையையும் நினைவில் வைப்பது நல்லது.

கூடையைவிட முக்கியமானது லங்காஸ்டர் செய்த மாற்றம். திண்ணையில் பதினைந்து விதப் பாடத்தைச் சமாளிக்க எழுந்த ஏற்பாடு, அவர் கையில் ஆயிரம் பேருக்கு ஒரே பாடம் சொல்லும் எந்திரமாயிற்று. மூத்த மாணவனின் வேலையில் கற்பித்தல் சுருங்கிற்று. வரிசையையும் சைகையையும் அமைதியையும் காப்பதுதான் பெருகிற்று.

தாய்நாடு திரும்பிய பிள்ளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் மிஷன் பள்ளிகள் வழியே இந்த முறை புதுச் சட்டையோடு இந்தியா வந்தது. சட்டாம்பிள்ளை இப்போது மானிட்டர். இங்கிலாந்திலேயே 1846-க்குப் பிறகு பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்கள் அந்த இடத்தைப் பிடிக்க, மானிட்டரிடமிருந்து கற்பிக்கும் பொறுப்பு மெல்லப் பறிபோயிற்று.

இங்கே அதற்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோவின் விதிகள் பரீட்சை முடிவுக்கு ஏற்ப மானியம் என்று வகுத்தன. அதே பத்தாண்டில் சென்னை மாகாணமும் அந்த வழியில் போயிற்று. இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும் கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்லாவிட்டால் ஆசிரியரின் வயிற்றில் அடி விழும். அவர் அதைப் பிள்ளையின் கையில் இறக்கினார். வகுப்பில் எல்லாரும் ஒரே வயது, ஒரே புத்தகம், ஒரே பக்கம் என்றானபோது பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது உதவியாக இல்லாமல் குற்றமாக மாறியது. அதற்குப் பெயர் பேசுவது. முன்பு எந்தப் பேச்சு சட்டாம்பிள்ளையின் கடமையாக இருந்ததோ, அந்தப் பேச்சைப் பிடித்துக்கொடுப்பதே மானிட்டரின் கடமையாயிற்று. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான் என்பது என் கருத்து.

விதிப் புத்தகம் பிரம்பை ஒழிக்காமல் அளந்து கொடுத்தது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51-ஆம் விதி வேண்டுமென்றே பொய் சொல்லுதல், ஆபாசம், அப்பட்டமான கீழ்ப்படியாமை ஆகியவற்றுக்கு மட்டும் அடிக்கலாம் என்றது. அதுவும் உள்ளங்கையில் ஆறு அடிக்கு மேல் கூடாது, தலைமையாசிரியரோ அவர் மேற்பார்வையில் பிறரோதான் அடிக்கலாம். காகிதத்தில் இருந்த ஆறு, வகுப்பில் எத்தனை ஆயிற்று என்பது நம் தலைமுறைக்குத் தெரியும்.

1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார். தனக்குப் பொருந்திய வேலையில் ஆழ்ந்த குழந்தையை எவரும் அடக்க வேண்டியதில்லை என்ற அவர் எண்ணம், கட்டணம் கட்டக்கூடிய நகரப் பள்ளிகளைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை.

தடையும் அதற்குப் பின்னும்

2000 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், அங்கிருந்த பள்ளி விதிகள் அடிக்க இடம் கொடுத்தது செல்லாது என்றது. 2002-இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு தன் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. லோத்குண்டாவுக்குத் தடை வந்தது அப்போதுதான். 2003-இல் தமிழ்நாடு 51-ஆம் விதியைத் திருத்தியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது.

அடியை வரையறுப்பது எளிது. மனத் துன்புறுத்தல் எங்கே தொடங்குகிறது? நாற்பது பேர் பார்க்கக் கரும்பலகையில் ஒரு பெயரும், அதற்கு எதிரே ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பெருக்கல் குறியும் ஏறுவது அவமானமா, நினைவூட்டலா? பெல்லின் பதிவேட்டைக் கேட்டால் நினைவூட்டல் என்னும். பெயர் ஏறிய பிள்ளையைக் கேட்டால் வேறு பதில் வரும். பிரம்பு போன இடத்தில் டைரிக் குறிப்பு, பெற்றோரை அழைத்தல், நட்சத்திர ஒட்டி, புள்ளிப் பட்டியல் என்று பல வந்தன. வகுப்பின் முதல் வாரத்திலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்து நான்கைந்து விதிகளைப் பேசி எழுதி ஒட்டுவது இவற்றில் உருப்படியானது. ஆனால் ஆசிரியர் வெளியே போனதும் அந்த விதிகளைக் காக்க வருபவர் மறுபடியும் அதே லீடர்தான். சட்டம் பிரம்பைத் தொட்டது, சாக்பீஸைத் தொடவில்லை.

அந்தப் பதவியின் பழைய பாதியை மீட்ட முயற்சி வேறு திசையிலிருந்து வந்தது. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் ரமாவும் ஒய். ஏ. பத்மநாப ராவும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையில், பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் படியில் ஏறுகிறார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003-இல் அதை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது போயிற்று. ஆசிரியர் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது, ஆளுக்கொரு பங்கு. தன் வருகையைப் பிள்ளையே பதிந்துகொண்டது. சில அட்டைகளை ஆசிரியரோடு, சிலவற்றைத் தேர்ந்த தோழனோடு, சிலவற்றைத் தனியே முடிக்க வேண்டும். சட்டாம்பிள்ளையின் முறை வைத்தல், பிரம்பு இல்லாமல் திரும்பியது. வகுப்பில் சத்தம் இருந்தது; அதைக் கண்டு மிரண்ட ஆசிரியர்களும் பெற்றோரும் ஏராளம். பள்ளி நடக்கிறதா, சந்தை நடக்கிறதா என்ற கேள்வியும் எழுந்தது. இன்று அந்த இடத்தில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. அதுவும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே ஒரு வகுப்பை நடத்துகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் நடத்தினால் எந்த நேரமும் மூன்று வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை. அந்த மூன்றிலும் ஒரு பிள்ளை எழுந்து முன்னால் நிற்கத்தான் செய்யும். அதன் கையில் கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்வதா, பெயர் எழுதச் சொல்வதா என்பதை எந்த அரசாணையும் இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்தந்த ஆசிரியர் வாசலைத் தாண்டும் நொடியில் தீர்மானிக்கிறார்.