முருகைக்கல் மீன்தொட்டி: திருகோணமலையில் வடிகட்டித் தேர்வு

முருகைக்கல் மீன்தொட்டி என்பது கடல்நீரில் மீன்களோடு உயிருள்ள முருகைகளையும் (பவளங்களையும்) வீட்டில் வளர்க்கும் தொட்டி. மீன் தாங்கும் அழுக்கை முருகை தாங்காது. அதனால் இத்தொட்டிக்குக் கண்ணாடியையும் விளக்கையும் வாங்குமுன் வடிகட்டும் முறையை முடிவு செய்ய வேண்டும். திருகோணமலையில் அந்த முடிவை நான்கு உள்ளூர் நிலைமைகள் வழிநடத்துகின்றன: சட்டம், மின்சாரம், வெப்பம், கைக்கெட்டும் கடல்.

நகருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீற்றரில் நிலாவெளி. அதன் கரைக்கு எதிரே புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இத்தீவின் முருகைக்கற்பாறைகள் 1970களில் முட்கிரீட நட்சத்திரமீன்களால் பெரும் அழிவைக் கண்டவை. பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. பூங்காவுக்கு வெளியேயும் தடை உண்டு. முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் கரையையே அரித்த பின்னர், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டது. கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வது, சேகரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது எல்லாவற்றையும் அது தடுக்கிறது. உப்புவெளி மணலில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த முருகைத் துண்டையும் தொட்டிக்காகப் பொறுக்கி வரக் கூடாது.

வடிகட்டித் தேர்வுக்கு இந்தத் தடை அடிப்படையான செய்தி. உலகெங்கும் முருகைத் தொட்டியின் முதன்மை வடிகட்டி ‘உயிர்ப்பாறை’தான், அதாவது நுண்ணுயிர்கள் குடியேறிய, துளைகள் நிறைந்த கடற்பாறை. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் 1960களின் தொடக்கத்திலேயே உயிர்ப்பாறையையும் இயற்கைக் கடல்நீரையும் மெல்லிய காற்றுக் குமிழ்களையும் மட்டும் கொண்டு முருகைகளை வாழவைத்துக் காட்டினார். அதே பாறையோடு வலிமையான நுரைபிரிப்பானைச் சேர்த்தது பின்னாளில் பரவிய பெர்லின் முறை. லீயைப் போலவே கடலருகில் வாழும் திருகோணமலைக்காரர் அவரைப் போல் பாறையைக் கடலிலிருந்து எடுக்க முடியாது. எடுக்காதிருப்பதே சரி. சுட்ட களிமண் கட்டிகளையோ வார்த்த செயற்கைப் பாறையையோ வைத்து, அதில் நுண்ணுயிர்களை வளர்த்தெடுப்பதே இங்கே நேர்மையான வழி. சிமெந்தில் வார்த்ததானால் அதன் காரம் இறங்கும் வரை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைக்க வேண்டும்.

மீன்களின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பாறையின் ஒட்சிசன் குறைந்த உட்புறத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. புதிய பாறையில் முதல் இரண்டு படிகள் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 8 வாரங்கள் செல்லும். மூன்றாவதற்கு மாதங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பைக் குறுக்க நினைப்பதாலேயே பல தொட்டிகள் அழிகின்றன. வெப்பமும் காரத்தன்மையும் கூடக் கூட அமோனியாவின் நச்சு வடிவம் பெருகும். ஆகவே வெப்பம் மிகுந்த இங்குள்ள தொட்டியில் அவசரம் இன்னும் கொடியது.

நன்னீர்த் தொட்டிகளில் பழகியவர்கள் முதலில் நாடுவது அடைத்த உருளை வடிகட்டி. முருகைத் தொட்டிக்கு அது பொருந்தாது. அதன் பஞ்சில் தங்கும் அழுக்கு ஓயாமல் நைத்திரேற்றாக மாறும். மின்வெட்டில் அது நின்றால் உள்ளிருக்கும் நீரில் ஒட்சிசன் தீர்ந்து நுண்ணுயிர்கள் மடியும். மின்சாரம் வந்ததும் அந்தக் கெட்ட நீர் முழுதும் தொட்டிக்குள் பாயும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாள் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. எந்த வடிகட்டியையும் வாங்குமுன் ‘இது ஆறு மணி நேரம் நின்றால் என்ன ஆகும்?’ என்று கேட்க வேண்டும். திறந்த பாறை இந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கிறது. பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று இருந்தால் மீன்களும் பிழைக்கும். வடிகட்டும் கருவிகளுக்காக அடியில் தனியாகக் கீழ்த்தொட்டி வைப்பவர்கள், பம்ப் நின்றதும் மேலிருந்து இறங்கும் நீர் முழுவதையும் கொள்ளும் அளவுக்கு அதில் இடம் விட வேண்டும்.

பணம் செலவிடத் தகுந்த கருவி நுரைபிரிப்பான். நுண்ணிய காற்றுக் குமிழ்களின் பரப்பில் புரதங்களும் பிற கரிமப் பொருட்களும் ஒட்டிக்கொள்ள, அவை நுரையாக மேலெழுந்து கிண்ணத்தில் வழிகின்றன. மற்ற வடிகட்டிகள் அழுக்கை உருமாற்றுகின்றன. நுரைபிரிப்பானோ அழுக்கு சிதையுமுன்பே அதை வெளியே எடுக்கிறது. கூடவே நீருக்குக் காற்றையும் ஊட்டுகிறது. 30 பாகை வெப்பத்தில் கடல்நீர் லீற்றருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஒட்சிசனையே தாங்கும் என்பதால் இந்த இரண்டாவது பயன் இங்கே முதன்மையானது. இரவில் விளக்கிட்டுக் கடற்பாசி வளர்க்கும் தனி அறை, நீரில் தங்கும் மஞ்சள் நிறத்தை நீக்கும் செயற்படு கரி, பொசுபேற்றை உறிஞ்சும் இரும்பு ஒட்சைட்டு மணிகள் ஆகியவை துணைகளே.

தென்மேல் பருவத்தில் வீசும் கச்சான் காற்றில் தொட்டி விரைவாகச் சூடேறும். ஆனால் அக்காற்று வறண்டது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் வெப்பம் நன்கு இறங்கும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். குறைந்த நீரை உப்பில்லாத தூய நீரால் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும். குழாய் நீரில் குளோரீன் இருக்கும். கிணற்று நீரில் நைத்திரேற்று இருக்கக்கூடும். சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த நீரே பாதுகாப்பு.

கடல்நீரை மாற்றுவதுதான் எல்லா வடிகட்டிகளும் விட்டுவைப்பதை நீக்கும் வழி. உள்நாட்டு நகரங்களில் விலைகொடுத்து உப்பு வாங்கிக் கரைக்கும்போது, இங்கே கடல் வாசலில் இருக்கிறது. கப்பல்கள் நிற்கும் உட்துறைமுகத்திலும் மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவிலும் நீர் அள்ளக் கூடாது. கடல் தெளிந்திருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், திறந்த கடலை நோக்கிய நிலாவெளிப் பக்கத்தில் எடுப்பது நல்லது. எடுத்த நீரை நுண்துணியில் வடித்து, மூடிய இருண்ட கலன்களில் இரண்டு வாரம் வைத்தால் மிதவை உயிரிகள் மடிந்து படியும். மேல்நீரை மட்டும் இறக்கிக் காற்றூட்டிப் பயன்படுத்தலாம். வடகீழ்ப் பருவத்தின் வாடை மழையில் ஆற்று வெள்ளம் கடலின் உவர்ப்பைக் குறைத்து, சேற்றையும் வயல் உரத்தையும் கொண்டுவரும். நவம்பர் முதல் ஜனவரி வரைக்கான நீரைச் செப்டெம்பரிலேயே சேமிக்க வேண்டும். அதற்கு இடமில்லாதவர்கள் அம்மாதங்களில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, உவர்ப்பை ஆயிரத்துக்கு 35 என்ற அளவில் நிறுத்துகிறார்கள்.